தெய்வானை அக்கா பிரித்த பாசி

அன்று செவ்வாய்க்கிழமை, தெய்வானை அக்கா என் வீட்டுக்கு வருகிற நாள். ஜன்னலோர நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி அங்கிட்டு வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த அவருடைய பின்னல் கம்பளிப் பையை எடுத்து நாற்காலியில் வைத்தேன். அடுப்பில் சுக்குக் காப்பிக்குத் தண்ணீரும் வைத்தாயிற்று. போன் அடித்தது. வழக்கம்போல "பஸ்ஸ விட்டுட்டேன் வள்ளி, அடுத்த வண்டியில வாரேன்" என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இன்னைக்குமா?" என்றபடியே எடுத்தேன். பேசியது அவருடைய தம்பி. "வள்ளியக்கா, அக்கா போயிருச்சுங்க. காலையில குளிச்சுட்டு வந்து உக்காந்துச்சு. அப்படியே சாஞ்சிருச்சு" என்றார். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலேயே ஆயுளைக் கழித்தவள் கேட்கிற கேள்வியா அது!

பிரசவ வார்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும், ஓய்வுக்குப் பிறகு எங்கள் தொப்பிக் குழுவில் சேர்ந்த உங்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொடு என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தைகளுக்கு அவரிடம் பஞ்சமில்லை. ஆனால் எனக்கு வருத்தத்தோடு கோபமும் இருக்கிறது. பையை நாற்காலியில் வைத்துவிட்டு ஒருத்தி காத்துக்கொண்டிருக்கும்போது இப்படிப் போகலாமா? அதனால் வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வார்டுக்கு மாற்றலாகி வந்த அன்று, "பேரு என்ன?" என்று கேட்டார். வள்ளி என்றேன். வார்டே சிரித்தது. அவர் பெயர் தெய்வானை என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து டாக்டர் முதல் ஆயா வரை, "தெய்வானையும் வள்ளியும் ஒரே டூட்டியில இருக்கீங்க, முருகன் எங்கம்மா?" என்று கேட்காத ஆளில்லை. அக்கா சளைக்க மாட்டார். "அவர் மலையேறிட்டாரு, நாங்கதான் இங்கிட்டுக் கெடந்து மாரடிக்கிறோம்" என்பார். நாங்கள் இருவரும் சக்களத்திகள் மாதிரியே சண்டையும் போட்டுக்கொண்டோம். எனக்குத் தலைவலி என்றால் அவருக்கு வயிற்றுவலி. நான் டீ என்றால் அவருக்குக் காப்பிதான் வேண்டும். வெயில் கொளுத்துகிறது என்று சொன்னால், "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார். அவருடைய வீம்பு உங்களுக்குத் தெரியாததல்ல.

புதுக்கோட்டை வெயிலில் கம்பளி எதற்கு என்று வெளியாட்கள் கேட்பார்கள். டவுன் பஸ்ஸில் ஊசியும் நூலுமாக எங்களைப் பார்த்த கண்டக்டர், "சிஸ்டர், இந்த வெக்கையில யாருக்குங்க சுவெட்டர்?" என்று ஒருநாள் கேட்டார். "ஒங்க ஊட்டுல பிள்ளை பொறந்தா வாங்க, காட்டுறேன்" என்றார் அக்கா. எடை குறைந்து பிறக்கிற பிள்ளைக்கு எந்த ஊரும் குளிர்தான். தலை வழியாகத்தான் சூடெல்லாம் போகும். அந்த எலுமிச்சம்பழத் தலைகளுக்காகத்தான் நாங்கள் தொப்பி பின்னினோம். சொல்லிவைத்தாற்போல அந்தக் கண்டக்டரே பிறகு ஒருநாள் வார்டு வாசலில் கைகட்டி நின்றார். அவர் மகள் அக்காவின் தொப்பியோடுதான் வீட்டுக்குப் போனாள்.

எங்கள் இருவருக்கும் பின்னலைக் காட்டித் தந்தவர் அப்போதிருந்த மேட்ரன் அம்மா. அவர் கையில் சீமையில் அச்சான பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. பின்னலில் இருப்பதே இரண்டு கண்ணிதான். வழவழவென்று விழுவது ஒன்று, முடிச்சு மாதிரிப் புடைத்து நிற்பது ஒன்று. முதலாவது 'நிட்', இரண்டாவது 'பர்ல்' என்றார் மேட்ரன். 'பர்ல்' அக்காவின் காதில் 'பேர்ல்' என்று விழுந்தது. "முத்துதானே மேடம்? பாக்க முத்து மாதிரிதான் இருக்கு" என்றார். மேட்ரன் திருத்தப் பார்த்துத் தோற்றுப்போனார். எங்களுக்கு அது இன்றுவரை முத்துதான். மற்றது நேர்.

நேர் ஒன்று, முத்து ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரியில் நேருக்கு மேல் முத்தும் முத்துக்கு மேல் நேருமாகப் போட்டால் ஒரு பின்னல் வரும். மேட்ரன் அதை 'மாஸ்' என்றார். குளத்துப் படியில் வழுக்குமே, அந்தப் பாசிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயராம். பின்னாளில் வந்த சின்ன நர்ஸுகள், "மாஸ்னா ஹீரோ என்ட்ரி மாதிரியா சிஸ்டர்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்கா பாசி என்றே பேர் வைத்துவிட்டார். சாதாரணப் பின்னலின் ஓரம் சுருட்டிக்கொள்ளும். பாசி சுருளாது, படிந்து கிடக்கும். உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதமும் கிடையாது. எப்படித் திருப்பிப் போட்டாலும் பிள்ளைக்கு உறுத்தாது. "இதுக்கு நல்ல பக்கம் கெட்ட பக்கம் கெடையாது. மனுசருக்குத்தான் அதெல்லாம்" என்பார் அக்கா.

பாசி போட மனக்கணக்கு எதுவும் வேண்டாம். ஊசியில் எது தெரிகிறதோ அதற்கு எதிரானதைப் போட வேண்டும், அவ்வளவுதான். நேர் தெரிந்தால் முத்து, முத்து தெரிந்தால் நேர். "ஒங்களுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்குக்கா, எல்லாத்துக்கும் எதிர்ப்பாட்டு" என்று நான் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "எதிர்ப்பாட்டுன்னு யாருடி சொன்னா?" என்று ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்று வல்லத்திராக்கோட்டையில் தங்கிவிட்ட பிறகும் தொப்பியை அவர் விடவில்லை. சுற்றுவட்டாரப் பெண்களைச் சேர்த்துக் குழு அமைத்தார். மாதத்தின் முதல் சனிக்கிழமை என் வீட்டில் கூடுவோம். ஒருமுறை குழுவுக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினார்: "இந்த மாசம் எல்லாரும் பாசி போட்டுப் பின்னிட்டு வாங்க." சனிக்கிழமை வந்தது. கீரமங்கலத்துப் பொன்னம்மா பையிலிருந்து எடுத்த தொப்பியில் சுற்றிவரப் பச்சையும் சிவப்புமாகப் பாசிமணி கோத்திருந்தது. குன்றாண்டார்கோவில் தமிழரசி ஊர் ஊராக அலைந்து, பாசிப்பயறு நிறத்தில் கம்பளி தேடிப்பிடித்துப் பின்னிக்கொண்டு வந்திருந்தார். அக்கா தான் பின்னியதையும் சேர்த்து மூன்று தொப்பியையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "நான் குளத்துப் பாசியச் சொன்னேன். பொன்னம்மா கழுத்துப் பாசிய நெனச்சிருக்கு, தமிழு பயறுப் பாசிய நெனச்சிருக்கு. யாரு மேலயும் தப்பு இல்ல. பேரு ஒண்ணா இருந்தா பொருளும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு சட்டமா?" என்றார்.

பாசிமணி பிள்ளை வாய்க்குப் போய்விடும் என்பதால் அந்தத் தொப்பியை வார்டுக்குக் கொடுக்க முடியாது. பிரித்துவிடவா என்று பொன்னம்மா கேட்டபோது அக்கா சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் முருகன் படத்தின் மேல் மாட்டிவிட்டார். "மலையில குளுருமில்ல" என்றார்.

இவ்வளவு பெரிய மனசோடு சிரித்த மனுஷி, தன் மகள் விஷயத்தில் அதே வார்த்தையை மறந்துவிட்டாரே! அதுதான் என் ஆற்றாமை.

சிவகாமி அவருடைய ஒரே மகள். அமெரிக்காவில் வேலை. கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது அக்கா லேசில் சம்மதிக்கவில்லை. "அந்த நெனப்பப் பிரிச்சுப் போட்டுட்டு வா" என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் இறங்கிவந்து, மாப்பிள்ளையை மெச்சவும் தொடங்கினார். ஆனால் அந்தப் 'பிரி' என்ற சொல் மகளின் மனசுக்குள் எங்கோ கிடந்திருக்கிறது. சிவகாமி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் எல்லாம் மாறியது. பிள்ளைக்குப் போர்வை பின்னலாம், பாதி அங்கே பாதி இங்கே, பிரசவத்துக்கு அம்மா வரும்போது இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவளே சிவகாமிதான். இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருக்க வேண்டுமென்று, ஊருக்கு வந்த தோழியிடம் சந்தன நிறக் கம்பளியும் கொடுத்தனுப்பினாள். என்ன பின்னல் என்று அக்கா கேட்டாராம். "ஒன்னோட மாஸ்தாம்மா. இங்க பேட்டர்ன்ல பாத்துக்கிட்டேன்" என்று அவள் சொன்னாளாம். அக்கா பெருமையில் அந்த வாரம் முழுக்க எங்கள் காதைப் புண்ணாக்கினார்.

இரண்டு பேரும் ஏறக்குறைய முடித்த நேரம். அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். வீடியோ காலில் சிவகாமி தன் பாதியைத் தூக்கிக் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்னாத்தா இது? இது பாசியே இல்லையே."

"இதாம்மா மாஸ். பேட்டர்ன்ல இப்படித்தான் போட்டிருக்கு."

"நீ பொறக்குறதுக்கு முந்தியிருந்து போடுறேன். எனக்கே பாசி சொல்லித் தாரியா? என்னோடது பொடியா விழுகுது, ஒன்னோடது நீட்டு நீட்டா விழுகுது. ரெண்டையும் எப்படிச் சேக்குறது? பிரி."

"எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா."

"முடிஞ்சா என்ன? தப்புன்னா பிரிச்சுத்தான் ஆகணும். பிரி."

நான் அக்காவின் தொடையில் கிள்ளினேன். அவர் பார்வை என் பக்கம் திரும்பவில்லை. சிவகாமியின் முகம் சுண்டிவிட்டது. "பிரி பிரின்னு சொல்றதே ஒனக்கு வேலையாப் போச்சும்மா. நான் ஆசைப்பட்டது எதுதான் ஒனக்குச் சரியா இருந்துச்சு? பிரசவத்துக்கு அத்தை வர்றாங்க. நீ வர வேணாம்" என்றாள். "நானும் வாரதா இல்ல" என்றார் இந்த மகராசி. விசா வந்து கையில் இருந்தது. பெட்டியில் பாதி கட்டியாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியை அவிழ்த்து, ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்க மாட்டேன் என்றேன்.

பேத்தி பிறந்தாள். அக்கா அவளைப் போனில்தான் பார்த்தார். ஊரார் பிள்ளைகளையெல்லாம் முதலில் கையில் ஏந்திய மனுஷி, தன் பேத்தியைக் கண்ணாடிச் சில்லுக்குள் பார்த்தார். அம்மாவும் மகளும் பேசாமலில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பாப்பா தூங்குறாளா, தூங்குறா. அவ்வளவோடு நின்றுவிடும். போர்வையைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. "நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கக்கா" என்று நான் சொன்னபோதெல்லாம், "பேசாம இரு" என்பதே பதில்.

பிறகு ஒருநாள் என் போனில் தற்செயலாக ஒரு வீடியோ வந்தது. இங்கிலாந்துக்காரப் பெண்மணி ஒருத்தி பின்னல்களைப் பற்றிப் பேசினாள். நாங்கள் மாஸ் என்று சொல்வதற்கு அமெரிக்காவில் 'விதை' என்று பெயர், அவர்கள் மாஸ் என்று சொல்வது வேறு பின்னல் என்று இரண்டையும் பின்னிக் காட்டினாள். எங்கள் பாசியில் நேரும் முத்தும் ஒவ்வொரு வரிக்கும் இடம் மாறும். அமெரிக்கக்காரர்களின் பாசியில் இரண்டு வரிக்கு ஒருமுறைதான் மாறும். ஒன்று கேழ்வரகைக் கொட்டியதுபோல இருந்தது, மற்றது நெல்லைக் கொட்டியதுபோல. அடுத்த பஸ் பிடித்து வல்லத்திராக்கோட்டைக்கு ஓடினேன். அக்கா திரும்பத் திரும்ப அதையே பார்த்தார். ஆங்கிலம் புரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாதபடி அந்தப் பெண்மணியின் விரல்கள் பேசின.

"அப்ப அவளும் பாசிதான் போட்டிருக்கா" என்றார்.

"ஆமாக்கா."

"ரெண்டு ஊர்க்காரனும் ஒரே பேர வச்சுக்கிட்டு எங்க உசுர வாங்கியிருக்கானுங்க."

"பொன்னம்மா தொப்பி ஞாபகமிருக்கா?" என்று கேட்டேன். முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பாசிமணி கோத்த தொப்பி அங்கேயேதான் மாட்டியிருந்தது. அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், பீரோவிலிருந்த தன் பாதிப் போர்வையை எடுத்துவந்து என் மடியில் போட்டார். "ஒன் வீட்டுக்குக் கொண்டு போ. இங்க வச்சுப் பிரிச்சா வீடியோ கால்ல கண்டுபிடிச்சிருவா" என்றார்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைகள் ஆரம்பித்தன. முழுப் பாதியையும் என் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையாலேயே பிரித்தார். பிரித்த கம்பளி சுருள் சுருளாகத்தான் வரும், பழைய பின்னலை மறக்காது. அதை அலசி, கொடியில் போட்டு, அடியில் தண்ணீர் நிரப்பிய காலி குளுக்கோஸ் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டார். என் பேரன், "ஆத்தா, கம்பளிக்கு டிரிப்ஸ் ஏத்துறாங்களா?" என்று கேட்டான். காய்ந்த பிறகு முதலிலிருந்து தொடங்கினார், மகளின் பாசியில். "ஒரு வரி தெரியிறதுக்குச் சரின்னு போகணும், மறு வரி எதிர்க்கணும். இது எனக்குத் தோதாத்தான் இருக்கு வள்ளி. இத்தனை நாளா முழுசா எதிர்த்துத்தான் பழக்கம்" என்று சிரித்தார். பெயர்க் குழப்பம் இனி வரக் கூடாது என்று அந்தப் பின்னலுக்கு அவரே ஒரு பேரும் வைத்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போனில் சொல்லிவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். "வாயில சொன்னா அது வாய் வார்த்தை. பிரின்னு சொன்ன வாயிதானே? முடிச்சு எடுத்துக்கிட்டு நேரா போய் நிக்கிறேன், அப்பப் பாரு அவ மூஞ்சிய. நீ மூச்சு விட்டேன்னா மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றார். நான் மூச்சு விடவில்லை. ஒரு சாண் உயரம் வந்திருந்தது. அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்டால், வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் யாருக்கு என்ன லாபம்?

சிவகாமி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி வரை அவளோடு தனியாகப் பேச வாய்க்கவில்லை. சொந்தக்காரர்களின் கூட்டத்துக்கு நடுவில் பையை நீட்ட எனக்கும் மனசில்லை. கருமாதிக்கு மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு அவளே வந்தாள். பிள்ளை தரையில் தவழ்ந்தது. அப்படியே அக்காவின் நெற்றி. சிவகாமி அந்த ஜன்னலோர நாற்காலியிலேயே போய் உட்கார்ந்து, தோள்பையிலிருந்து தன் பாதிப் போர்வையை எடுத்தாள்.

"அம்மா எம்மேல கோவத்தோடயே போயிட்டாங்க சித்தி. பிரின்னு சொன்னாங்க, பிரிக்க மாட்டேன்னு நின்னேன். இப்பப் பிரிச்சிடுறேன். அவங்க பாசியவே ஒங்ககிட்டப் பாத்துப் போட்டுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நுனியை அவிழ்த்து இழுத்தாள். கம்பளி சரசரவென்று வரத் தொடங்கியது.

"அடியே நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது.

அலமாரியிலிருந்து பையை எடுத்துவந்து அவள் மடியில் கவிழ்த்தேன். ஊசியோடு இருந்தது அந்த ஒரு சாண். சிவகாமி அதைத் தன் போர்வையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். வரிக்கு வரி ஒத்துப்போனது. "இது நான் போட்டது மாதிரியே..." என்று தொடங்கியவள், ஊசியைத் தடவிப் பார்த்தாள். அக்காவின் பழைய அலுமினிய ஊசி, பிடிப்பதற்காக நுனியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுற்றியது. அவளுக்குத் தெரியாதா அது? நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வீடியோ, பாட்டில்கள், "வீடியோ கால்ல கண்டுபிடிச்சிருவா", எல்லாம். அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவங்க வீம்புக்கு நீங்களும் கூட்டா?" என்றாள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் அந்த ஒரு சாணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

புறப்படும்போது பிளாஸ்திரி ஊசியோடு அதை எடுத்துக்கொண்டாள். தானே முடித்துச் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். செருப்பைப் போட்டவள் திரும்பி, "இதையும் பாசின்னா அதையும் பாசின்னா மறுபடி கொழப்பம் வருமே சித்தி. இதை அம்மா என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அம்மாவைப் போலவே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அக்காவின் பொருள் என்று என் வீட்டில் இப்போது எதுவும் இல்லை. பையும் போய்விட்டது. நாற்காலியில் மறுபடி துணி குவிகிறது. அவர் வைத்த அந்தப் பேர்தான் என்னிடம் இருக்கிறது. குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது இரண்டு பாசியையும் நான்தான் காட்டிக்கொடுக்கிறேன். போன சனிக்கிழமை வந்த ஒரு பெண், முதலாவதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். இரண்டாவதில் தடுமாறினாள்.

"இதுக்கு என்னங்க பேரு?"

"சிவகாமிப் பாசி."

"அது யாருங்க சிவகாமி? இதைக் கண்டுபிடிச்சவங்களா?"

"எங்க தெய்வானை அக்கா மக" என்றேன்.